வழியில் ஒரு பாடம்

ஆகஸ்ட் 15 விண்ணேற்பு விழாவுக்காகச் சிவகாசி, விருதுநகர்ப் பக்கமிருந்து காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் நடந்து போகிறோம்.

300 ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் இறைப்பணி ஆற்றியவர் பெஸ்கி அடிகளார். 1680-இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு. போதிக்க வந்தவர், முதலில் மாணவரானார். தேம்பாவணி பாடினார், 1732-இல் சதுரகராதி தந்தார். புலவர் தமிழோடு நிற்கவில்லை. சாதாரண மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். மக்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் நமக்கு வீரமாமுனிவரானார்.

நாமோ, பட்டாசு விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளைச் செபமாலை சொல்லியபடியே கடந்துவிடுகிறோம். இவ்வாண்டு அந்த வாசல்களில் சற்று நிற்போம். அவர்கள் பேச, நாம் கேட்போம். பிறகு அன்னையிடம் போவோம். ஆமென்.