நர்ஸுக்கு எதுக்குங்க டாக்டர் பட்டம்?

தலைப்புல இருக்கற கேள்வியை இந்த ரெண்டு மாசத்துல நாலு பேர் கேட்டுட்டாங்க. அம்மா, அத்தை, கோயம்புத்தூர்ல நான் வேலை பார்த்தப்ப இருந்த வார்டு சிஸ்டர். நாலாவது, இங்க வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில்ல பிரசாத வரிசையில எனக்குப் பின்னாடி நின்ன ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள். "என்ன பிள்ளை படிக்கிறீங்கள்?"ன்னார். நர்ஸிங்ல மாஸ்டர்ஸ் முடியப் போகுது, அடுத்து டாக்டரேட் பண்ணலாமான்னு யோசிக்கறேன்னு சொன்னேன். "அப்ப டொக்டருக்கே படிச்சிருக்கலாமே பிள்ளை!" :-)

நாலு பேருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா ஒரே பதிவா போட்டுடறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல இந்த 'டாக்டர்'ங்கற வார்த்தை. லத்தீன்ல அதுக்கு அர்த்தம் 'கற்பிக்கறவர்'. வைத்தியம் பாக்கறவர்னு அர்த்தம் பின்னாடி ஒட்டிக்கிட்டது. எம்.பி.பி.எஸ். என்பதே ஒரு இளங்கலைப் பட்டம்தான், அதுக்கு முன்னாடி போடற 'டாக்டர்' மரியாதைக்காக. இங்கிலாந்துல இன்னும் வேடிக்கை, அறுவை சிகிச்சை நிபுணர் ஆயிட்டா 'டாக்டரை' விட்டுட்டு மறுபடி 'மிஸ்டர்' ஆயிடுவாங்க. மருத்துவம் படிச்சவர் மிஸ்டர், தமிழ் இலக்கியத்துல ஆய்வு பண்ணினவர் டாக்டர். அங்கிளுக்கு இதைச் சொல்லலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள பொங்கல் வந்துடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நர்ஸிங்கை ஒரு படிப்பா மாத்தினவங்கன்னு எல்லாரும் சொல்றது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். 1860-ல லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில அவங்க பேர்ல பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சது. கையில விளக்கோட நிக்கற படத்தையே பாத்துப் பாத்து, அந்தம்மா கணக்குல புலிங்கறதை மறந்துட்டோம். கிரிமியப் போர்ல சிப்பாய்ங்க காயத்தால செத்ததை விட நோயால செத்ததுதான் அதிகம்னு வரைபடம் போட்டுக் காட்டினவங்க. 1858-ல லண்டன் புள்ளியியல் கழகத்துல முதல் பெண் உறுப்பினர். வார்டுல வேலை பார்த்து, அங்க கண்ட பிரச்சனையை எண்ணிப் பார்த்து, மேல இருக்கறவங்களை மாத்த வெச்சாங்க. இன்னிக்கு 'புரொஃபஷனல் டாக்டரேட்'னு பேர் வெச்சு காசு வாங்கற விஷயம் கிட்டத்தட்ட இதேதான்.

ஆனா பாருங்க, நர்ஸுங்களுக்குப் பரீட்சை வெச்சு அரசாங்கப் பதிவேட்டுல பேர் எழுதணும்னு எத்தெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் போராடினப்ப, எதிர்த்தவங்கள்ல முக்கியமானவர் நைட்டிங்கேல்! நல்ல குணத்தைப் பரீட்சை வெச்சு அளக்க முடியாதுங்கறது அவங்க கட்சி. ஃபென்விக் 1887-ல சங்கம் ஆரம்பிச்சு, சட்டம் வந்தது 1919-ல. முப்பத்திரண்டு வருஷம். 1921-ல பதிவேடு திறந்தப்ப முதல் நம்பர் ஃபென்விக் அம்மாவுக்குத்தான். 'நர்ஸுக்கு எதுக்கு இது?'ங்கற கேள்வி அப்பவே ஆரம்பிச்சாச்சு. பொருள் மட்டும்தான் மாறிக்கிட்டே வந்திருக்கு: பரீட்சை எதுக்கு, டிகிரி எதுக்கு, இப்ப டாக்டரேட் எதுக்கு.

நம்ம சென்னையும் இதுல சளைச்சது இல்லைங்க. 1854-லயே அங்க தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்துடுச்சு. 1871-ல அரசுப் பொது மருத்துவமனையில நர்ஸிங் பள்ளி. மெட்ராஸ் நர்ஸ், மிட்வைஃப் சட்டம் 1926. சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் 1946-ல இந்தியாவுல ரெண்டே இடத்துல பி.எஸ்சி. நர்ஸிங் ஆரம்பிச்சது, ஒண்ணு டெல்லி, இன்னொண்ணு நம்ம வேலூர் சி.எம்.சி. இங்கிலாந்துல அப்ப நர்ஸிங்ல டிகிரியே கிடையாது! எடின்பரோ பல்கலைக்கழகம் நர்ஸிங் பிரிவு தொடங்கினதே 1956-ல, டிகிரி படிப்பு 1960-ல. இதை என் வகுப்புல சொன்னப்ப ஒருத்தரும் நம்பலை. கூகுள் பண்ணிப் பாருங்கப்பான்னு விட்டுட்டேன். அப்புறம் டெல்லியில 1959-ல முதுகலை. டெல்லி பல்கலைக்கழகத்துல நர்ஸிங் பி.எச்டி. வர்றதுக்கு 1992 ஆயிடுச்சு. ஆரம்பம் ஜோர், அப்புறம் நடை தளர்ந்துடுச்சு.

அமெரிக்காதான் இதுல முன்னாடி ஓடினது. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில 1920-கள்லயே நர்ஸுங்க முனைவர் படிப்பு படிக்கலாம், ஆனா அது கல்வியியல் பட்டம். நியூயார்க் பல்கலைக்கழகத்துல 1934-ல பி.எச்டி. ஓஹையோவுல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் 1979-ல வேற மாதிரி யோசிச்சாங்க: மருத்துவருக்கு எம்.டி. இருக்கற மாதிரி நர்ஸுக்கு நேரடியா ஒரு தொழில் டாக்டர் பட்டம் ஏன் இருக்கக் கூடாது? பெருசா பரவலை. 2001-ல கென்டக்கி பல்கலைக்கழகம் 'டாக்டர் ஆஃப் நர்ஸிங் ப்ராக்டிஸ்', சுருக்கமா டி.என்.பி., ஆரம்பிச்சப்பதான் தீப்பிடிச்சது. 2004 அக்டோபர்ல அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: 2015-க்குள்ள நர்ஸ் ப்ராக்டிஷனர் மாதிரி உயர்நிலை வேலை எல்லாத்துக்கும் இதுதான் நுழைவுப் படிப்பா இருக்கணும்னு. 2015 வந்தது, போனது, நடக்கலை. மயக்க மருந்து கொடுக்கற நர்ஸுங்களுக்கு மட்டும் 2022-லேர்ந்து புதுசா சேர்றவங்க எல்லாருமே டாக்டரேட் படிப்புலதான் சேரணும்.

படிச்சு முடிச்சா பிரச்சனை முடிஞ்சுதான்னா, இல்லை. கலிஃபோர்னியாவுல இந்தப் பட்டம் வாங்கின நர்ஸ் ஒருத்தர் தன்னை 'டாக்டர்'னு போட்டுக்கிட்டதுக்கு 2022-ல கிட்டத்தட்ட 20 ஆயிரம் டாலர் கட்ட வேண்டியதாச்சு. நோயாளி குழம்பிடுவாங்கங்கறது வாதம். அந்த வாதத்துல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அவசரப் பிரிவுல படுத்திருக்கறவருக்கு முன்னாடி நிக்கறது யாருன்னு தெரிஞ்சே ஆகணும். ஆனா பட்டத்தோட பயனும் பேருக்கு முன்னாடி போடற எழுத்தும் வேற வேற சமாச்சாரம். சண்டை முழுக்க எழுத்துக்குத்தான் நடக்குது.

பிரிட்டன்ல 1972-ல பிரிக்ஸ் கமிட்டி அறிக்கை, நர்ஸிங் ஆய்வை அடிப்படையா வெச்ச தொழிலா மாறணும்னு சொன்னது. நர்ஸுங்களுக்கான தொழில்சார் டாக்டரேட் 1995-ல அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துல வந்தது. நர்ஸ் ஆகவே டிகிரி கட்டாயம்னு ஆனது 2013-லதான். கூரை போட்டு பதினெட்டு வருஷம் கழிச்சு அஸ்திவாரம்!

பி.எச்டி.க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பி.எச்டி.ன்னா புது அறிவைக் கண்டுபிடிக்கணும். தொழில்சார் பட்டத்துல, முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் வகுப்பு, அப்புறம் நீங்க வேலை பாக்கற இடத்துல இருக்கற ஒரு பிரச்சனையை எடுத்து, அங்கேயே ஆராய்ஞ்சு, அங்கேயே ஏதாச்சும் மாத்திக் காட்டணும். பெரும்பாலும் வேலையில இருந்துக்கிட்டே பகுதி நேரமா படிக்கறது.

ஒரு உதாரணம். நம்மூர் வார்டுகள்ல படுக்கைப் புண் வராம இருக்க முதுகுல ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சு பவுடர் போடுவாங்க, பார்த்திருப்பீங்க. நானும் படிக்கறப்ப அப்படித்தான் செஞ்சேன். லண்டன்ல டோரீன் நார்ட்டன்னு ஒரு நர்ஸ், ரெண்டு பேரோட சேர்ந்து வயசான நோயாளிங்களை வெச்சு ஆய்வு பண்ணி 1962-ல வெளியிட்டாங்க. தடவற சமாச்சாரத்துல பெருசா ஒண்ணும் இல்லை, அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கறதுதான் வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. யாருக்குப் புண் வரும்னு முன்கூட்டியே சொல்ல அவங்க போட்ட மதிப்பெண் முறை இன்னிக்கும் அவங்க பேர்லயே இருக்கு. இப்படி ஒரு கேள்வி பெரிய டாக்டருக்குத் தோணாதுங்க. ரவுண்ட்ஸ் வந்து ரெண்டு நிமிஷத்துல போயிடறவருக்கு முதுகு தெரியாது.

எங்க தெருவுலேர்ந்து 207 பஸ் பிடிச்சா கொஞ்ச தூரத்துல செயின்ட் பெர்னார்ட்ஸ் வரும். 1831-ல திறந்த பழைய ஹான்வெல் மனநலக் காப்பகம். 1839-ல ஜான் கொனொலி அங்க வந்து, நோயாளிங்களைக் கட்டி வைக்கற விலங்கு, வார் எல்லாத்தையும் எடுத்துப் போட்டார். (லிங்கன்ல இதை முன்னாடியே செஞ்சாச்சு, ஆனா இவ்வளவு பெரிய இடத்துல செஞ்சதால உலகமே திரும்பிப் பார்த்தது.) புத்தகம் எழுதினதும் பேர் வாங்கினதும் கொனொலி. கட்டாம, அடிக்காம ராத்திரி முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்து சமாளிச்சது? பேர் தெரியாத பணியாளருங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதை யாரும் எழுதி வைக்கலை. அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு இதுதான் உறுத்தும்.

இப்ப நான் உண்மையிலயே சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன். எலிசபெத் அனியோன்வு. 1947-ல பர்மிங்ஹாம்ல பிறந்தவர், அம்மா ஐரிஷ் வம்சம், அப்பா நைஜீரியர், ரெண்டு பேரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். கல்யாணம் ஆகலை, குழந்தை கன்னியாஸ்திரீங்க நடத்தின இல்லத்துல வளர்ந்தது. எக்ஸிமா புண்ணுக்கு வலிக்காம கட்டு மாத்தி, சிரிக்க வெச்ச ஒரு கன்னியாஸ்திரீயைப் பார்த்துத்தான் நர்ஸ் ஆகணும்னு ஆசை வந்ததாம். பதினாறு வயசுல வேலைக்குப் போய், நர்ஸாகி, எங்க ஈலிங்குக்கு அடுத்த பிரெண்ட்ல வீடு வீடாப் போற ஹெல்த் விசிட்டர் ஆனாங்க. அங்க கறுப்பினக் குடும்பங்கள்ல சிக்கிள் செல் நோய். ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்னக் குழாய்ல அடைச்சுக்கும், வலின்னா அப்படி ஒரு வலி. பெத்தவங்க கேட்ட கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்லை, நர்ஸிங் பாடத்துலயும் இல்லை. அமெரிக்கா போய் கத்துக்கிட்டு வந்து, 1979-ல டாக்டர் மிலிட்சா ப்ரோசோவிச்சோட சேர்ந்து பிரெண்ட்ல நாட்டோட முதல் சிக்கிள் செல் ஆலோசனை மையத்தை ஆரம்பிச்சாங்க. அந்த வேலையிலேர்ந்தே ஆய்வு பண்ணி 1988-ல பி.எச்டி. தொழில்சார் டாக்டரேட்ங்கற பேரே இங்க நர்ஸிங்ல இல்லாத காலம். பின்னாடி ஈலிங்ல இருந்த தேம்ஸ் வேலி பல்கலைக்கழகத்துல (2011-லேர்ந்து யுனிவர்சிட்டி ஆஃப் வெஸ்ட் லண்டன்) பேராசிரியராகி, 1998-ல அங்க மேரி சீக்கோல் பேர்ல ஒரு நர்ஸிங் மையம் தொடங்கினாங்க. 2022-ல ஆர்டர் ஆஃப் மெரிட். 2023-ல சார்லஸ் முடிசூட்டு விழாவுல தங்க உருண்டையை ஏந்திக்கிட்டுப் போனாங்களே, அவங்கதான்.

ஆப்பிரிக்க நோய்னு நினைச்சுடாதீங்க. இந்தியாவுல சிக்கிள் செல் முதன்முதலா பதிவானது எங்கன்னு தெரியுமா? நம்ம நீலகிரியில. 1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் அங்க பழங்குடி மக்கள்கிட்ட ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. அதை ஒழிக்கறதுக்குன்னு நாடு தழுவின திட்டம் 2023 ஜூலை 1-ல தொடங்கினது, 2047 இலக்கு. நடுவுல எழுபத்தோரு வருஷம். கூடலூர்ல அஸ்வினி அமைப்போட ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸா பயிற்சி கொடுத்து வெச்சுக்கிட்டு இந்த நோயைப் பல வருஷமா கவனிச்சுக்கிட்டு வருது. பட்டம் இல்லாத அனியோன்வுக்கள் அங்க இருக்காங்க.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) கூடலூர் பக்கத்துலேர்ந்து பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு சேர்த்திருக்காங்க. காலையில நான் டியூட்டிக்கு வந்து சார்ட்டைப் பார்க்கறேன், வலிக்கு ஊசி போட்ட நேரம் ரெண்டு மணி. "சும்மா கத்தறான், நடிக்கறான்"னு நைட்ல பேசிக்கிட்டாங்களாம். அவன் என்கிட்ட கத்தலை. போர்வை நுனியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். பிழைச்சுப் போயிட்டான், நல்லா இருக்கான்.

இங்க மட்டும் சொர்க்கமான்னா இல்லை. வலியோட வர்ற சிக்கிள் செல் நோயாளிக்கு முப்பது நிமிஷத்துக்குள்ள வலி மருந்து கொடுக்கணும்னு 2012-லேர்ந்தே பிரிட்டன்ல வழிகாட்டி நெறிமுறை இருக்கு. இருந்தும் 2019-ல வடக்கு லண்டன்ல ஒரு 21 வயசுப் பையன், ஆஸ்பத்திரி படுக்கையில இருந்துக்கிட்டே ஆக்சிஜன் கேட்டு 999-க்கு போன் பண்ணினான். செத்துப் போனான். 2021-ல வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கைக்குத் தலைப்பே 'யாரும் காது கொடுத்துக் கேட்கறதில்லை'ங்கற அர்த்தத்துலதான் வெச்சாங்க.

மருந்து இருக்கு. நெறிமுறை இருக்கு. முப்பது நிமிஷம் ஏன் மூணு மணி நேரம் ஆகுது? இதுக்கு சோதனைக்கூடத்துல பதில் கிடைக்காது. சாவி யார்கிட்ட இருக்கு, யார் கையெழுத்து போடணும், யார் நம்பலை, நைட்ல எத்தனை பேர் டியூட்டி... இதெல்லாம் வார்டுலதான் தேடணும். என் கேள்வி இதுதான் அத்தை. இதுக்குத்தான் டாக்டர் பட்டம்.

ஆனா நடைமுறைச் சிக்கல் ரெண்டு. இந்தப் படிப்புக்கு வேலை பாக்கற இடம் வேணும், மாணவர் விசாவுல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்க முடியாது. அப்ப முதல்ல இங்க நர்ஸா பதிவு பண்ணி, வேலையில சேர்ந்து, அப்புறம்தான் படிப்பு. அதுக்குள்ள முப்பது தாண்டிடும், அம்மா பாடு வேற. ரெண்டாவது, நான் திரும்பிப் போக நினைக்கறவ. நம்மூர் கல்லூரி விளம்பரத்துல நான் பாக்கற வார்த்தை பி.எச்டி. மட்டும்தான். 1950, 60-கள்ல கரீபியன்லேர்ந்தும் மத்த காலனி நாடுகள்லேர்ந்தும் வந்த பொண்ணுங்கள்ல நிறையப் பேரை இங்க ரெண்டு வருஷ 'என்ரோல்டு நர்ஸ்' பயிற்சியில தள்ளி விட்டாங்க. பல பேருக்கு அந்தச் சான்றிதழ் சொந்த ஊர்ல செல்லாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அவங்க கதையைப் படிச்சதுலேர்ந்து எந்தப் படிவத்தையும் ரெண்டு தடவை படிக்கறேன்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் வேலை பாக்கற நர்ஸ், டாக்டர் யாராச்சும் இதைப் படிச்சா ஒரு உதவி. நோயாளிக்கு வலி ஆரம்பிச்ச நேரம், வந்து சேர்ந்த நேரம், மருந்து கொடுத்த நேரம், இந்த மூணையும் உங்க கேஸ் ஷீட்ல தனித்தனியா எழுதறாங்களா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.