தீப்பெட்டி ஊரில் வரலாறு பயில்வோர்

இளங்கலைப் பட்டத்திற்கு எப்பாடத்தைத் தேர்வது என்னும் வினா எழுங்கால், விருதுநகர், சிவகாசி வட்டாரத்து இல்லங்களில் வரலாறு முதலில் நினைக்கப்படுவதில்லை. வணிகவியலிலும் கணினியியலிலும் இடம் கிடைக்காதோர் கடைசியில் வந்து சேரும் துறையாகவே அது கருதப்பட்டு வருகிறது. “இதைப் படித்தால் என்ன வேலை?” எனப் பெற்றோர் கேட்பதில் தவறில்லை. தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுதும் கட்டை அடுக்கி மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்க்கு அவ்வினாவை எழுப்பும் உரிமை வேறெவரையும் விட மிகுதியாகவே உண்டு. ஆசிரியப் பணி, தேர்வாணையத் தேர்வுகள், சட்டக் கல்வி என விடை கூறலாம், அது பொய்யுமன்று. எனினும், வரலாற்று மாணவியர்க்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பித்து வரும் நான், அதற்கும் அப்பால் ஒரு விடை உண்டு என்பதை நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கவிஞர் பெருமக்கள் முன் வைக்க விழைகிறேன்.

விடுதலைப் போராட்ட வரலாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார் தவறாது இடம்பெறுவார். 1916இல் தன்னாட்சி இயக்கம் கண்டவர் என்பது இரண்டு மதிப்பெண் விடை. மாணவியர் அதை எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் சென்று விடுகின்றனர். அதே அம்மையார் 28 ஆண்டுகளுக்கு முன், 1888 ஜூனில், இலண்டன் மாநகரின் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையைத் தம் இதழில் எழுதினார். குறைந்த கூலி, தொட்டதற்கெல்லாம் அபராதம், தாடை எலும்பை அரித்துத் தின்னும் வெள்ளைப் பாசுவரம் என்பன அப்பெண்களின் அன்றாடம். அடுத்த மாதமே ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை விட்டு வெளியேறினர். சில வாரங்களில் அபராத முறை ஒழிந்தது. வெள்ளைப் பாசுவரத்தைத் தீக்குச்சியில் பயன்படுத்தலாகாது என்னும் பன்னாட்டு உடன்பாடு பெர்ன் நகரில் உருவானது 1906இல்தான். இப்போராட்டத்தைப் பெசன்ட் அம்மையாரே நடத்தினார் என நெடுங்காலம் எழுதி வந்தனர். தொழிலாளப் பெண்கள் தாமே முன்னின்று நடத்தினர் என்பதை அண்மைக்கால ஆய்வு எடுத்துக்காட்டியுள்ளது. ஒரு நிகழ்ச்சியின் பெருமை யாருக்கு எழுதி வைக்கப்படுகிறது என்பதும் வரலாற்றின் ஒரு பாடமே. இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது மாணவியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டனர். அவர்களுள் பெட்டி ஒட்டி வளராதவர் மிகச் சிலரே.

சிவகாசியின் கதையையும் இவ்வாறே கேட்டுப் பார்க்கலாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டு, 1923இல் இவ்வூரில் தொழிலைத் தொடங்கினர் என்பது யாவரும் அறிந்ததே. அவர்தம் துணிவு போற்றத்தக்கது. எனினும், அயல்நாட்டுத் தீப்பெட்டி மீதான சுங்க வரியை 1922இல் ஆங்கிலேய அரசு குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வரியே சுவீடன் நிறுவனத்தாரை இந்தியாவிற்குள்ளேயே ஆலை அமைக்கத் தூண்டியது. அதுவே இக்கரிசல் மண்ணின் கைத்தொழிலுக்கும் இடம் தந்தது. மழை பொய்த்த நிலத்தில் வேறு பிழைப்பற்றிருந்த பெண்களின், குழந்தைகளின் கைகள் மூன்றாவது காரணம். முதல் காரணத்திற்குச் சிலையும் படமும் உண்டு. இரண்டாவது அரசு ஆவணங்களில் கிடைக்கிறது. மூன்றாவதற்கு ஆவணம் எங்கே? குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அத்தகையதோர் ஆவணம். பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென அது பணித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தின் விசாரணைத் தாள்களும் வருங்கால வரலாற்றாசிரியர்க்குச் சான்றாகும். விபத்துகள் வாயிலாக மட்டுமே ஓர் உழைப்பாளர் கூட்டம் ஆவணத்தில் ஏறுவது வேதனைக்குரியது.

விருதுநகரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி வளர்த்த சத்திரிய வித்தியாசாலை 1889இல் தோன்றியது. காமராசர் பயின்றது அங்கேதான். 1956இல் அவர் முதலமைச்சராக இருந்தபோது, அவருடைய ஊரிலேயே தியாகி சங்கரலிங்கனார் சென்னை மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் சூட்டுதல் உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். ஜூலை 27இல் தொடங்கியவர் அக்டோபர் 13இல் மறைந்தார். பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. நோன்பு 76 நாள் எனப் பலரும் எழுதுவர். மேடையில் கவிதை பாடுவோரும் அவ்வாறே பாடுவர். தொடக்க நாளையும் இறுதி நாளையும் சேர்த்து எண்ணினால் 79 வருகிறது. இடைப்பட்ட மூன்று நாள் எங்கே போயிற்று எனக் கேட்டு, அக்காலச் செய்தித்தாள்களைப் புரட்டுபவளே வரலாற்று மாணவி. சிவகாசியை நேரு ‘குட்டி ஜப்பான்’ என்றார் என்று கூறுங்கால், எந்த ஆண்டு, எக்கூட்டத்தில் என்று வினவுபவளும் அவளே. (இவ்வினாக்களால் விழா மேடைகளில் சிறிது சங்கடம் நேரும், நேரட்டும்.)

தமிழுக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவு நம்மவர்க்குப் புதிதன்று. பிற்காலச் சோழர் வரலாற்றை ஆராய்ந்து தமிழில் தந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தமிழறிஞர். தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பொறித்தவற்றுள் செய்யுள்களும் உண்டு. அவை கவிதையா, சாசனமா என்று துறைவாரியாகப் பிரித்தல் இயலாது. கே.கே. பிள்ளையின் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவன வெளியீடாக வந்த பின், கிராமத்து மாணவர் தம் தாய்மொழியிலேயே நல்லதொரு வரலாற்று நூலைப் பயிலும் வாய்ப்புப் பெற்றனர். ஆனால் இவ்வட்டாரத்துச் சமூக வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர், ராபர்ட் ஹார்டுகிரேவ் என்னும் அமெரிக்க அறிஞர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலையே இன்றும் நாட வேண்டியுள்ளது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகத்தைப் பற்றித் தன் ஊர்ப் பெரியவரிடம் கேட்கத் தயங்கும் மாணவி, அதை அயலவர் நூலில் அகராதியின் துணையோடு படிக்கிறாள்.

2022 மார்ச்சு முதல் வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், பொன்னணிகள் முதலியன வெளிப்பட்டன. அவ்வளையல்களை அறுத்துத் தேய்த்த கைகளுக்கு உரியோர் யார் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இன்று பட்டாசுக்குத் திரி பின்னும் மூதாட்டியர்க்கு வாய் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் ஒன்றை ஆண்டுதோறும் வரலாற்று மாணவியர்க்கு ஒதுக்கி, அவர்கள் அம்மூதாட்டியரிடம் கேட்டு எழுதி வருவனவற்றைப் படிக்கச் செய்யலாம். எழுதியவற்றின் படியொன்று நம் நூலகத்தில் இருக்கட்டும். கூலி, ஆண்டு, ஆபீசின் பெயர், பேருந்து வந்த நேரம் ஆகியவற்றை விடாது குறித்து வருமாறு அவர்களிடம் முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.