தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்பது வேலையின்போது விபத்தில் காயமடையும் தொழிலாளிக்கும், இறந்துபோகும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் முதலாளி பணம் தர வேண்டும் என்று விதித்த இந்தியச் சட்டம். 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்காமலேயே தொழிலாளி இழப்பீடு கேட்கலாம் என்பதே இதன் முதன்மையான புதுமை.

பின்னணி

இயந்திரத்தில் கை போன தொழிலாளிக்கு முன்பிருந்த வழி நீதிமன்றம் மட்டுமே. அங்கே இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபு குறுக்கே நின்றது. 1837-இல் அந்நாட்டில் இறைச்சிக் கடை வேலையாள் ஒருவர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு உடைந்து முதலாளி மீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பிலிருந்து ‘பொது வேலை’ என்ற கோட்பாடு வளர்ந்தது. உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்பது அதன் சாரம். ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார், அவருடைய கவனக்குறைவும் சேர்ந்தது என்ற இரு வாதங்களும் முதலாளிகளுக்குக் கைகொடுத்தன. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையில் ‘உடன் வேலை செய்பவர்’ அல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பதே அரிது.

ஜெர்மனி 1884-இல் முதலாளிகளின் சங்கங்கள் வழியாக விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1897-இல் வேறு வழியில் சென்றது: யாருடைய தவறு என்று பார்க்காமல், வேலையிலிருந்து எழுந்ததும் வேலையின்போது நிகழ்ந்ததுமான விபத்துக்கு முதலாளியே நேரடியாகப் பொறுப்பு. 1923-இன் இந்தியச் சட்டம் இந்த வாசகத்தையே எடுத்துக்கொண்டது.

சட்டம் சொன்னவை

இறந்தவருக்கான தொகையைக் குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. ஆணையரிடம் செலுத்த வேண்டும், அவரே சார்ந்திருப்போருக்குப் பங்கிடுவார். கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு சிறு தொகையோடு அனுப்பிவிடும் வழக்கத்துக்கு இது தடை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தமும் செல்லாது. இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தை முதலாளிகள் அத்தகைய ஒப்பந்தங்களால்தான் பயனற்றதாக்கினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் அடிபட்டாலும், தன் தொழிலுக்காக அந்த வேலையை ஒப்படைத்தவரே பணம் தர வேண்டும் என்ற பிரிவு இன்றைய கட்டட வேலைக்கும் பொருந்துவது.

தொகைக்கு ஓர் அட்டவணை உண்டு. இன்று வழங்கும் வடிவில் கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம், மற்றது நன்றாக இருக்க ஒரு கண் மட்டும் போனால் 40 சதவீதம் என உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உழைக்கும் திறன் இழப்பு எழுதப்பட்டிருக்கிறது. படிப்பதற்குக் கொஞ்சம் கொடூரமான பட்டியல்தான். ஆனால் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வழக்கு நடந்திருக்கும்.

அட்டவணை மட்டும் போதாது என்பதை ஒரிசாவின் தச்சர் ஒருவரின் வழக்கு காட்டியது. 1968-இல் திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. அட்டவணைப்படி இது பகுதி இழப்புதான் என்றார் முதலாளி. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு இழப்பு என்று ஆணையர் முடிவு செய்தார். 1975-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விபத்து நடந்த நாளிலேயே பணம் தரும் கடமை பிறக்கிறது என்றும், காலம் கடத்திய முதலாளி வட்டியும் அபராதமும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது.

பின்னர்

1948-இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) அதற்கு உட்பட்டவர்களின் பொறுப்பைத் தனி முதலாளியிடமிருந்து காப்பீட்டுக் கழகத்துக்கு மாற்றியது. மற்றவர்களுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்ந்தது. 1984-இல் வயதையும் ஊதியத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வந்தது. 2009-இல் பெயர் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ ஆனது. 2020 முதல் கணக்குக்கு எடுக்கும் மாத ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 40 வயதில் இறந்தவருக்கு அதில் பாதியை வயதுக்கான 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கிடைப்பது 13,81,275 ரூபாய். இறந்தவர் மாதம் 30,000 ரூபாய் வாங்கியிருந்தாலும் குடும்பத்துக்கு இதே தொகைதான்.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்து நீண்ட காலம் தீராத பிரச்சினையாக இருந்தது. போர்பந்தர்ப் பகுதி உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து கழியைக் கடக்கையில் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில், படகுத்துறை பொதுமக்களுக்கு உரியது என்று சொல்லி 1958-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பயண விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் அதை வேலை விபத்தாகவே கொள்கிறது.