பத்திரிகைப் பையனும் ஒரு வீடியோ விளையாட்டும்

பத்திரிகை வரலாறு என்றதும் ஆசிரியர்களையும் அதிபர்களையும் அச்சு இயந்திரங்களையும் பற்றிப் பேசுவதே எம்மவர் வழக்கம். மூன்று தசாப்தங்களாக இத்துறையில் இருந்துவரும் நானும் அத்தகைய வரலாறுகளையே அதிகம் வாசித்திருக்கிறேன். அச்சிட்ட பிரதியை வாசகரின் வாசலில் சேர்ப்பவனுக்கு அவற்றில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அவனைக் கதாநாயகனாக்கிப் புகழ்பெற்றதோ ஒரு வீடியோ விளையாட்டு.

அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பேப்பர்போய்' என்பதே அது. விளையாட்டுக் கூடங்களில் வைக்கப்பட்ட அந்த இயந்திரத்தை இயக்குவதற்கு, சைக்கிளில் உள்ளது போன்ற ஹாண்டில் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை புறநகர் வீதியொன்றில் சைக்கிளில் சென்று, 'டெய்லி சன்' என்ற கற்பனைப் பத்திரிகையைச் சந்தாதாரர்களின் வீடுகளுக்கு வீச வேண்டும். வழியில் நாய் துரத்தும், கார் குறுக்கே வரும், சுழல்காற்று வீசும். கையில் அரிவாளுடன் மரணத்தின் உருவமே நடைபாதையில் எதிர்ப்படும்.

என்னைக் கவர்ந்தது அந்த விளையாட்டின் கணக்கு முறைதான். ஒரு சந்தாதாரருக்குப் பத்திரிகை கிடைக்காவிட்டாலும், அவரது வீட்டு யன்னல் உடைந்தாலும் அவர் சந்தாவை நிறுத்திவிடுவார். ஒருவரையும் தவறவிடாது விநியோகித்தால் இழந்த சந்தாதாரர் ஒருவர் திரும்பி வருவார். எல்லோரையும் இழந்தால் பையனின் வேலை போய்விடும். நாய்க்கும் காருக்கும் சுழல்காற்றுக்கும் எவரும் பொறுப்பில்லை. நட்டம் முழுவதும் பையனுடையது.

இந்த நியதி விளையாட்டை உருவாக்கியவர்களின் கற்பனையில் உதித்ததன்று. 1833 செப்டெம்பர் 3 ஆம் திகதி பெஞ்சமின் டே என்பவர் நியூயோர்க்கில் 'சன்' என்ற பத்திரிகையை ஒரு சத விலையில் ஆரம்பித்தார். அதனை வீதிகளில் கூவி விற்பதற்குச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். பிரதிகளை மொத்த விலைக்கு வாங்கி விற்று, மிச்சத்தை இலாபமாக எடுத்துக்கொள்வதே ஏற்பாடு. விற்காமல் எஞ்சுவது அவர்களின் தலையில் விழுந்தது.

1898 இல் ஸ்பெயினுடன் அமெரிக்கா போர் புரிந்தபோது பத்திரிகை விற்பனை பெருகியது. அவ்வேளையில் ஜோசப் புலிட்சரின் 'வேர்ல்ட்', வில்லியம் ரண்டோல்ஃப் ஹேர்ஸ்டின் 'ஜேர்னல்' ஆகிய பத்திரிகைகளின் நூறு பிரதிகளுக்குச் சிறுவர்கள் செலுத்தவேண்டிய விலை 50 சதத்திலிருந்து 60 சதமாக உயர்த்தப்பட்டது. போர் முடிந்து விற்பனை வீழ்ந்த பின்னரும் விலை குறைக்கப்படவில்லை. 1899 ஜூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரண்டு வாரப் போராட்டத்தின் முடிவில் விலை குறையவில்லை. ஆனால் விற்காத பிரதிகளைத் திருப்பி எடுக்க இரு நிறுவனங்களும் இணங்கின. பிரதிகள் திரும்பி வருவதைச் சாதாரண அலுவலகக் கணக்காகவே பார்த்துப் பழகிய என் போன்றோர் அறியவேண்டிய செய்தி இது. அந்த உரிமைக்காக ஏழைச் சிறுவர்கள் வீதியில் நின்றிருக்கிறார்கள். புலிட்சரின் பெயரால் 1917 முதல் வழங்கப்பட்டுவரும் பரிசை நாம் அனைவரும் அறிவோம். அவரை எதிர்த்து நின்ற சிறுவர்களை எத்தனை பேர் அறிவோம்?

பின்னர் வீடுகளுக்குப் பத்திரிகை போடும் முறை பரவியபோதும் அடிப்படை மாறவில்லை. பையன் 'சின்ன வியாபாரி' என அழைக்கப்பட்டான். பிரதிகளை அவனே வாங்கி, வீடு வீடாகச் சென்று பணம் அறவிட வேண்டும். பணம் தராதவரின் கடன் அவனுக்குரியது. அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டு நியாயத் தொழில் நியமச் சட்டம் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்துகின்ற போதிலும், வாசகர்களுக்குப் பத்திரிகை விநியோகிப்போருக்கு அதில் இன்றும் விதிவிலக்கு உண்டு.

விளையாட்டில் காணப்படாத ஆபத்தும் இருந்தது. அயோவா மாநிலத்தின் டிமொய்ன் பகுதியில், 1982 இலும் 1984 இலும் ஞாயிறு அதிகாலையில் பத்திரிகை விநியோகிக்கச் சென்ற இரு சிறுவர்கள் காணாமற்போயினர். பால் பெட்டிகளில் அவர்களின் படங்கள் அச்சிடப்பட்டன. இன்றுவரை இருவரும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கு அடுத்த ஆண்டில்தான் 'பேப்பர்போய்' வெளிவந்தது. பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். பாடசாலை விட்ட பின் விநியோகிக்கக்கூடிய மாலைப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. காரில் செல்லும் வளர்ந்தோர் அந்த வேலையைப் பொறுப்பேற்றனர். நிஜப் பையன் வீதியிலிருந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் திரைப் பையன் உலகம் சுற்றினான்.

பையன் போய்விட்டாலும் அந்த ஏற்பாடு போய்விடவில்லை. செயலிகள் மூலம் உணவுப் பொதி கொண்டுசெல்லும் இளைஞர்களைப் பல நிறுவனங்கள் ஊழியர்களாக ஏற்பதில்லை. சுயாதீன ஒப்பந்தக்காரர்கள் என்றே கூறுகின்றன. மழையும் விபத்தும் வாடிக்கையாளரின் கோபமும் அவர்களையே சேர்கின்றன. பிறரது உரிமைகளுக்காகத் தலையங்கம் எழுதிய பத்திரிகைத் துறையே, தனது சுமையைச் சிறுவர்களின் தோளில் ஏற்றி இந்த ஏற்பாட்டை நூறாண்டுகளுக்கு மேல் பேணி வந்திருக்கிறது. எமது துறையின் வரலாற்றை இனி எழுதுவோர் இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.