புத்தகத்தின் மேல் பழி

"படித்துப் படித்தே பிள்ளைக்குக் கண்ணாடி வந்துவிட்டது" என்று வீட்டில் சொல்கிறோம். இது பழைய பழி, நேயர்களே. 1867இல் பிரெஸ்லாவ் நகர மருத்துவர் ஹெர்மன் கோன், பத்தாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். வகுப்பு உயர உயரக் கிட்டப்பார்வையும் கூடியிருந்தது. மங்கிய வெளிச்சம், பொருந்தாத மேசை, பொடி எழுத்து எனப் பள்ளிகளைச் சாடினார்.

2008இல் ஓர் ஆய்வு, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டது. கிட்டப்பார்வை இங்கே 29 விழுக்காடு, அங்கே 3.3. வேடிக்கை என்னவென்றால், அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகள்தான்! ஆனால் அவர்கள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். இங்குள்ளவர்களுக்கு மூன்றே மணி நேரம். பகல் வெளிச்சம் கண்கோளம் நீள்வதைத் தடுக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாசிப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சனிக்கிழமையும் துணைப்பாட வகுப்பு என்றால், பிள்ளை வெயிலை எப்போது பார்க்கும்?