மாட்டேன் என்கிற சொல்

முதுமையில் நினைவழிவதற்கு மருத்துவம் பெயரிட்டது அண்மையில்தான். ஜெர்மனியில் அலோயிஸ் ஆல்ஸைமர் 1906ல் தம் நோயாளி ஒருத்தியைப் பற்றிப் பேசினார். 1910ல் கிரெப்பலின் தம் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். நம்மிடம் வேறு சொற்கள் இருந்தன: ஈழத்தில் அறளை பெயர்தல், இங்கே புத்தித் தடுமாற்றம், 'குழந்தையாகி விட்டார்'. எல்லாமே பார்ப்பவனின் சொற்கள். மறப்பவன் தன்மையில் பேசிய இடம் உண்டா என்பது என் கேள்வி.

புறநானூற்றின் 243ம் பாட்டில் கிழவனுக்கு உடல் நடுங்குகிறது, இருமல் பேச்சை அறுக்கிறது. ஆனால் மடுவில் குதித்து மணல் அள்ளிய இளமை அப்படியே இருக்கிறது. அங்கே முதுமை என்பதே நினைவுதான்.

நினைவு போய்விடும் என்ற பயம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரிடம் வருகிறது. 9ம் நூற்றாண்டு என்பார்கள். திருமொழி நாலாம் பத்தில் ஓரிடத்தில், சாகக் கிடப்பவனைச் சுற்றி உட்கார்ந்து உறவினர் புதைத்த பொருளைக் கேட்கிறார்கள். அவனுக்கு வாய் எழவில்லை. அதே பத்தின் முடிவில் அந்த நிலை தமக்கே வருமென்று அரங்கனிடம் முறையிடுகிறார். தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, ஆகவே முன்கூட்டியே சொல்லி விடுகிறேன் என்பது சாரம். இது மரணத் தளர்ச்சி, மறதி நோயல்ல. ஆனாலும் தன் மனம் தன்னை விட்டுப் போவதை 'நான்' என்று நின்று சொன்ன குரல் இது.

அங்கே அவர் ஆளும் வினை 'மாட்டேன்'. அன்று அதற்குப் பொருள் இயலாமை. 'நடக்கமாட்டாமல் கிடக்கிறார்' என்பதில் அது இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. மற்றபடி சொல் மறுப்பாகி விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், புரட்டாசிச் சனியன்று சீனிவாசப் பெருமாள் குன்றின் படியில் வழி மறந்து உட்கார்ந்துவிடும் முதியவரை 'வரமாட்டேங்கிறார்' என்போம். முடியாமை பிடிவாதமாகக் கேட்கிறது. அதட்டல் அதிலிருந்துதான் பிறக்கிறது.

கடைசி நினைவே கதி என்கிறது கீதையின் எட்டாம் அத்தியாயம். வைணவர் போற்றும் வராக சரம சுலோகம் இதைப் புரட்டிப் போடுகிறது: சுவாதீனமாக இருந்தபோது நினைத்தவன் கட்டையாய்க் கிடக்கையில், நினைப்பது கடவுளின் வேலை. அந்த வாக்கைக் கேட்ட பூமிப்பிராட்டியே ஆண்டாள் என்று கொள்ளும் ஊர் இது.

கடவுளை விலக்கி விட்டாலும் இந்த ஏற்பாடு நிற்கும். ஒருவருடைய நினைவு அவர் ஒருவரின் சொத்தல்ல. நம் கதைகளில் மறதிக்காரக் கிழவர்கள் சிரிப்பூட்டவோ இரக்கம் கிளறவோதான் வருகிறார்கள். அவர்களுக்குத் தன்மை வினைமுற்று ஒன்றைக் கொடுத்தால் போதும்; 'மாட்டேன்' அதன் பழைய பொருளுக்குத் திரும்பி விடும்.