வேட்டாபுங்கா

நியூசிலாந்துக்கே உரிய சிறகற்ற பெரும்பூச்சி. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி வரிசையைச் சேர்ந்தது. காப்பகத்தில் வளர்ந்த பெண்பூச்சி ஒன்று 71 கிராம் இருந்தது. அதாவது இரண்டு சிட்டுக்குருவிகளின் எடைக்கும் மேல். ஆக்லாந்து, நார்த்லாந்து காடுகளில் பரவியிருந்த இவ்வினம், எலி, பூனை முதலிய வந்தேறி விலங்குகளால் அழிந்து, ஹவுராக்கி வளைகுடாவின் லிட்டில் பாரியர் தீவில் மட்டும் எஞ்சியது. இத்தகைய பகைவரை அறியாமல் உருவானதால் தற்காப்பு குறைவு. ஓரிடத்தில் மட்டும் வாழும் இனம் முழுதும் அழிய ஒரு காட்டுத்தீயோ நோயோ போதும். வேறிடத்திலிருந்து வந்து மீண்டும் பெருக வழியில்லை. அத்தீவில் பூனைகள் 1980இலும் பசிபிக் எலிகள் 2004இலும் ஒழிக்கப்பட்டன. ஓரிடத்தை மட்டும் நம்பியிருக்கும் ஆபத்தைக் குறைக்க, ஆக்லாந்து விலங்குக் காட்சிசாலையில் பெருக்கப்பட்ட பூச்சிகள் டிரிட்டிரி மட்டங்கி, மோட்டுவோரா தீவுகளில் விடப்பட்டுள்ளன.